மூன்றரை ஏக்கர் பூங்காவில் படமெடுக்க என்ன இருக்கிறது?

6 அக்டோபர் 2024, ஞாயிறு

வாசகர் ஒருவரின் கேள்வி: “சென்னையில் எங்கள் வீட்டருகே இருப்பது நடைபாதையும் ஊஞ்சலும் கொண்ட சிறிய பூங்கா. காக்கை, மைனா, புறா தவிர அங்கே படமெடுக்க என்ன இருக்கிறது? 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் பயன் உண்டா? அல்லது சனி, ஞாயிறுகளில் வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ போய்விடுவதுதான் சரியா?”

பதினோர் ஆண்டுகளாக ஒரே பூங்காவில் காலையில் நடக்கிறவன் நான். அவற்றில் எட்டு ஆண்டுகள் கழுத்தில் கேமராவோடு. நகரின் தென்பகுதியில் மூன்றரை ஏக்கர். நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், இறகுப்பந்துத் திடல், மோட்டார் அறை, நாய் நுழையக்கூடாது என்ற பலகை, பலகைக்குக் கீழே படுத்திருக்கும் நாய் என்று எல்லாப் பூங்காவையும் போலத்தான் அதுவும். அங்கே இதுவரை 43 வகைப் பறவைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். செம்மார்புக் குக்குறுவான், புள்ளி ஆந்தை, வால்காக்கை, பொன்முதுகு மரங்கொத்தி, ஊதாத் தேன்சிட்டு, வல்லூறு ஆகியவை உள்ளூர்க்காரர்கள். ஐப்பசிக்கு மேல் மாங்குயில், வேதிவால் குருவி, கொடிக்கால் வாலாட்டி எனப் பருவத்துக்கு வருகிறவை சில. கிண்டி தேசியப் பூங்காவின் 270 ஹெக்டேர் காடு பறந்து வரும் தொலைவில் இருப்பது எங்களுக்கு வாய்த்த நல்லூழ் என்பதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் பூங்காவில் ஒரு வேம்பும் ஒரு புங்கமும் இருந்தால் ஐந்தாறு வகையாவது கட்டாயம் இருக்கும். நீங்கள் நடந்துகொண்டே இருப்பதால் அவை உங்கள் கண்ணில் படவில்லை.

லென்ஸ் வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவுள்ள பறவை படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்ப வேண்டுமானால், நம்மில் பலரிடம் உள்ள, சிறிய உணரி (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) கொண்ட கேமராவில் 300 மி.மீ. லென்ஸோடு ஏறத்தாழ ஆறு மீட்டரில் இருக்க வேண்டும், 600 மி.மீ. என்றால் பன்னிரண்டு மீட்டர் போதும். காட்டில் இந்த வேறுபாடு பெரிது. மனிதரை நாள்தோறும் பார்க்கும் பூங்காப் பறவையோ ஆறு மீட்டரை இலவசமாகவே தந்துவிடும்.

ஒலிப்பதிவைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். காட்டில் கூடாது. ஆட்டோ ஹாரனுக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் பழகிப்போன நகரத்துப் பறவைக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது என்பது என் எண்ணம்.

7 அக்டோபர் 2024

நேற்று விட்டுப்போனது. குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவைச் சென்னையின் விடியற்காலைக் காற்றில் வெளியே எடுத்தால், லென்ஸின் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் மூடிக்கொள்ளும். தெளியக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் எல்லாப் பறவையும் வரும். இரவிலேயே கேமராப் பையைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், மறுபடி மூடும்.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

ஆறுமணிக்குருவி வந்துவிட்டது.

காலை 5.41க்கு, மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து, இரண்டு சுரமாக ஒரு சீழ்க்கை. அடுத்து அரை நிமிடம் மௌனம். மறுபடி அதே சீழ்க்கை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிகையில் தெற்கே வந்து, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழிக்கும் பறவை இது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இரவில் பறந்து வருவதால் அக்டோபரில் சென்னையின் அடுக்குமாடிகளில் கண்ணாடியில் மோதியும் களைத்தும் விழுந்து கிடப்பதுண்டு. மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. முதுகு பச்சை, சிறகில் வானநீலம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். என் படங்களில் ஏழு நிறம்தான் எண்ண முடிந்தது. மீதி இரண்டு இந்திக்காரர்களுக்கே தெரியும்.

இத்தனை நிறம் இருந்தும் இதைக் காண்பது அரிது. காரணம், இது தரைப்பறவை. நிழலில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திச் சென்று, அலகால் ஓர் இலையைப் புரட்டி, அடியில் உள்ள பூச்சியை எடுத்து, அப்படியே அசையாமல் நின்றுவிடும். நின்றால் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிதான் படம்.

இன்று 31 படங்கள் எடுத்தேன், 31உம் வீண். மரத்தடியில் அந்நேரத்து வெளிச்சத்துக்கு என் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தும் (எஃப் 6.3) ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400இல் ஷட்டர் வேகம் 1/60 விநாடிக்கு மேல் ஏறவில்லை, கை நடுக்கம் அத்தனையிலும் பதிந்திருக்கிறது. ஏழு நாளைக்கு முன் பெரிய லென்ஸ் தேவையில்லை என்று எழுதியதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. இரண்டு கிலோ எடையுள்ள என் 150-600 மி.மீ. லென்ஸைவிட, மலிவான 50 மி.மீ. லென்ஸ் பன்மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் 50 மி.மீ.க்குக் குருவி என் மடியில் வந்து உட்கார வேண்டும்.

16 அக்டோபர் 2024

இரண்டு நாளாக மழை. பூங்காவின் கதவு பூட்டியிருக்கிறது, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

இதற்கிடையே வாசகர் ஒருவர் தம் மாடிப்படியில் ஆறுமணிக்குருவி ஒன்று ஒடுங்கி உட்கார்ந்திருப்பதாகவும், சோறும் தண்ணீரும் வைத்தும் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அது பூச்சி தின்னும் பறவை, சோற்றைத் தொடாது. வாயில் தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்திருங்கள். தெம்பு வந்தால் பெட்டிக்குள் குதிக்கும் ஓசை கேட்கும். மரமும் புதரும் உள்ள இடத்தில், பூனை இல்லாததைப் பார்த்து, பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17 அக்டோபர் 2024

மாலையில் விட்டதாகவும், சுவரோரக் குரோட்டன்ஸ் செடிக்குள் ஓடி மறைந்ததாகவும் எழுதியிருக்கிறார். படம் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

21 அக்டோபர் 2024, திங்கள்

6ஆம் தேதிக் குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழிக்கவில்லை, எழுதியது கிடக்கட்டும்.

நேற்று நடந்தது இது. ஒரு வாரமாகத் தெளிவான படம் எதுவும் அமையாத எரிச்சலில், மோட்டார் அறைக்கு எதிரே உள்ள பெஞ்சில் கைப்பேசியை வைத்து ஆறுமணிக்குருவியின் குரலை ஒலிக்கவிட்டேன். பன்னிரண்டு விநாடிகூட ஆகியிராது. இலைக்குவியலுக்குள் நிழலாகக்கூடத் தெரியாமல் இருந்த குருவி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடைபாதையின் நடுவுக்கே வந்து நின்று, என் கைப்பேசியைப் பார்த்துக் கூவியது. நல்ல வெளிச்சம், ஐந்து மீட்டர் தொலைவு, மறைக்க ஒரு புல்கூட இல்லை. மூன்று படம் எடுத்தேன். நான்காவதை எடுக்கும்போது படச்சட்டத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஏதோ புகுந்தது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த பூனை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பிஸ்கட் போட்டு வளர்க்கும் நான்கு பூனைகளில் ஒன்று. பாய்ந்தது, குருவி ஒரு சாண் இடைவெளியில் தப்பி மதிலைத் தாண்டிப் போய்விட்டது. இன்று காலை சீழ்க்கை இல்லை.

குருவி ஆட்டோ ஹாரனைப் பொருட்படுத்தாததற்குக் காரணம், ஹாரன் அதற்கு எதையும் சொல்வதில்லை. இன்னோர் ஆறுமணிக்குருவியின் குரல் “இந்த இடம் என்னுடையது” என்று சொல்கிறது. பனிக்காலத்திலும் தன் இரைநிலத்தைக் காத்துக்கொள்ளும் பறவை அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, இப்போதுதான் உடம்பில் சதை பிடிக்கிற நேரத்தில், இல்லாத எதிரியோடு சண்டை போடத் திறந்த வெளிக்கு அதை இழுத்து வந்தவன் நான். நகரத்தில் கேடு குறைவு என்று எழுதினேன். பூனைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் நகரத்தில்தான் கூடுதல். அந்த மூன்று படங்களும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. வெளியிடப் போவதில்லை.

25 அக்டோபர் 2024

5.44க்குச் சீழ்க்கை கேட்டது. அதே மூலை.

27 அக்டோபர் 2024, ஞாயிறு

ஒலிப்பதிவு கூடாது என்றால் எப்படித்தான் எடுப்பது என்று கேட்டவர்களுக்கு, எனக்கு இன்று வாய்த்ததைச் சொல்கிறேன்.

பூங்காப் பறவை நடக்கிறவருக்கு அஞ்சாது. ஐம்பது பேர் கைவீசிப் போனாலும் தன் பாட்டுக்கு மேயும். அதே ஐம்பது பேரில் ஒருவர் நின்றுவிட்டால் தலையைத் தூக்கும். நின்றவர் கறுப்பாக உருண்டையாக ஒன்றை முகத்துக்கு நேரே உயர்த்தினால் போய்விடும். நிற்பதும் நேராகப் பார்ப்பதும் பூனை செய்கிற வேலை. ஆகவே குருவி வந்த பிறகு நாம் நிற்கக் கூடாது. அது வரும்போதே நாம் அங்கே கிடக்கிற பொருளாக இருந்துவிட வேண்டும். இன்று 5.20க்கே போய், மோட்டார் அறையின் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கேமராவை ஒரு துணிமூட்டையின் மேல் வைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் இருந்தேன். எறும்பு ஏறியது. கொசுவைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 6.08க்குச் சருகு ஒன்று தானாகப் புரண்டது. பின்னால் குருவி.

வரிசை இப்படி: இரண்டு தத்தல், நிற்றல், தலையை ஒருபக்கம் சாய்த்தல், அலகால் இலையை இடப்பக்கம் வீசுதல், ஒரு குத்து. மண்புழுவின் ஒரு முனை அலகில், மறுமுனை மண்ணில். பின்னோக்கிச் சாய்ந்து, கயிறு இழுக்கிறவர்போல் இழுத்தது. புழு வந்ததும் தடுமாறி ஒரு தத்தல் பின்னால் போயிற்று. மூட்டையின் மேல் கேமரா அசையாததால் 1/125இலும் கண் கூர்மையாகப் பதிந்திருக்கிறது. மொத்தம் ஒன்பது படங்கள், இரண்டு தேறும்.

காவலாளி வந்து, தரையில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று கேட்டார். கேட்பது அவர் வேலை. பூங்காவில் பெரிய லென்ஸோடு இருக்கிறவரைப் பார்த்தால் யோகாசனம் செய்யும் பெண்களுக்கு மனம் உறுத்துவதும் நியாயமே. ஆகவே லென்ஸை ஆள் நடக்கும் பக்கம் திருப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கேமராவின் பின்திரையைக் காட்டிவிடுவேன். காவலாளி பார்த்துவிட்டு, இந்தப் பறவை இங்கேயா இருக்கிறது என்றார்.

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளிக்குப் பிறகு மூன்று நாளாகப் புள்ளி ஆந்தைகள் பொந்தைவிட்டுத் தலை நீட்டவில்லை. இன்று மாலை ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது.

பெரிய செய்தி வேறு. அதே மோட்டார் அறை மூலையில் உள்ள முருங்கைமரத்தில் வல்லூறு ஒன்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளில் இவ்வளவு அருகில் கிடைத்ததில்லை. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பு வரிகள், வாலில் கறுப்புப் பட்டைகள். வந்து உட்கார்ந்ததும் வாலை இருபுறமும் அசைத்தது. காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன, அது அசையவில்லை. 600 மி.மீ.க்கு இன்றுதான் வேலை வந்தது. பறவை, வரி வரியாக, சட்டம் நிறைய.

4 நவம்பர் 2024

வல்லூறு இன்றும் அதே கிளையில். நல்ல பழக்கமாகிவிட்டது.

10 நவம்பர் 2024, ஞாயிறு

அது வல்லூறு இல்லை.

என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். பறவை பார்க்கிறவர் அல்லர், ஆனால் பார்த்ததை மறக்காதவர். முருங்கையடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏன் சார், வல்லூறு கம்பளிப்பூச்சி தின்னுமா?” என்று கேட்டார். அதற்குள் என் வாயிலிருந்து, பசித்தால் தின்னும் என்ற பதில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து 3ஆம் தேதிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அலகு நுனியில் இலேசாக வளைந்திருக்கிறதே தவிர, கறி கிழிக்கும் கொக்கி இல்லை. கிளையைப் பற்றிய கால்களில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. கால் நெடியதாக, மஞ்சளாக வெளியே தெரியும். இது அக்காக்குயில். குயில் குடும்பத்தில் பிறந்து வல்லூறின் உடை, பறக்கும் விதம், உட்கார்ந்ததும் வாலை அசைப்பது வரை அத்தனையும் கொண்டிருக்கும் பறவை. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடுவது அதன் பிழைப்பு. வேனிலில் ஊரைக் கூட்டுகிற இதன் குரல் பனிக்காலத்தில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாயைத் திறந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். காக்கைகள் ஏமாந்தன என்பது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

பதினொன்றாம் படத்தில் எல்லாமே இருந்திருக்கிறது: அலகில் கம்பளிப்பூச்சி, அதைக் கிளையில் அழுத்தித் தேய்க்கும் பறவை. கம்பளிப்பூச்சியின் குடலில் நச்சுப்பொருள் இருப்பதால் குயில்கள் அதைப் பிதுக்கி எடுத்துவிட்டே விழுங்கும். ஒரு வாரமாக இந்தப் படத்தை என் கணினித் திரையின் முகப்பாகவே வைத்திருந்தேன். வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அலகைப் பார்க்கவில்லை. கேமரா இல்லாமல் அண்ணாந்து பார்த்த தபால்காரர், பறவை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தார்.

பட்டியல் இப்போது 44.

11 நவம்பர் 2024

அந்த மூலையில் மட்டும் இத்தனையும் கூடுவது ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் இன்று பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். மழை தொடங்கியதும் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் சாக்குப் போர்த்தியதுபோல் அப்பிக்கொள்கின்றன. “அங்க கம்பளிப்பூச்சி சார், யார் போவா? உடம்பெல்லாம் தடிச்சுப் போவும்.” அவர் அங்கே பெருக்குவதில்லை, ஆகவே சருகு குவிகிறது, சருகில் ஈரமும் புழுவும் நிற்கின்றன, ஆகவே ஆறுமணிக்குருவி. கம்பளிப்பூச்சிக்காக அக்காக்குயில். மூன்றரை ஏக்கரில் பெருக்காத இடம் முப்பது அடிதான்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்களுக்குக் காற்றைவிட மழையே அதிகம். மயிற்கொன்றை ஒன்றின் கிளை முறிந்து இறகுப்பந்துத் திடலின் மேல் கிடக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது பூங்காவில் ஏழு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவற்றில் ஒன்றில்தான் அன்றைய ஆந்தைப் பொந்து இருந்தது. இம்முறை முருங்கையின் உச்சிக்கிளை பட்டுப்போயிருக்கிறது, விழவில்லை.

15 டிசம்பர் 2024, ஞாயிறு

மூலை போய்விட்டது. புதன்கிழமை நான்கு பேர் வந்து, தீப்பந்தத்தால் கம்பளிப்பூச்சிகளைச் சுட்டு, மதிலோரம் சிமெண்ட் தெரிகிற அளவுக்குச் சருகை வழித்து வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். நான்கு நாளாகச் சீழ்க்கை இல்லை, அக்காக்குயிலும் இல்லை.

பராமரிப்பு வேலையை மேற்பார்க்கிறவரைத் தேடிப் போய், கேட்பதற்கு முன்பே குரலை உயர்த்திவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து தாள் ஒன்றை என் பக்கம் திருப்பிவைத்தார். கடந்த ஜூனில் நடைப்பயிற்சி அன்பர்கள் கொடுத்த மனு. பூங்காவின் பின்பகுதியில் உலர்ந்த இலைகள் அள்ளப்படாமல் கிடப்பதாகவும், பாம்பு அடையும் என்று அஞ்சுவதாகவும், உடனே தூய்மைப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. வாசலில் யாரோ நீட்டினார்கள். படிக்காமல் போடவில்லை, படித்துவிட்டுத்தான் போட்டேன். ஜூனில் ஆறுமணிக்குருவி ஊரில் இல்லை.

22 டிசம்பர் 2024

மேற்பார்வையாளரோடு மறுபடி பேசினேன், இம்முறை மெதுவாக. பெருக்கிய சருகை வண்டிக்குக் காத்திருக்காமல் மோட்டார் அறைக்குப் பின்னால் கொட்டி மட்க விட்டால் ஆள்கூலி மிச்சம் என்பது அவருக்கும் பிடித்திருந்தது. எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்று கூடை சருகு விழுந்திருக்கிறது.

பட்ட உச்சிக்கிளையையும் வெட்டச் சொல்லியிருந்தார்களாம், ஏணி எட்டவில்லை.

17 ஜனவரி 2025

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக நான்கு நாளும் காலையில் கால் மணி நேரப் பட்டியல் ஒன்று போட்டேன். 2015இலிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்துவது. வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம் என்பதால் முதலில் கேள்வி கேட்டவருக்கு இதையே பரிந்துரைப்பேன். நான் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அதிகபட்சம் 22 வகை. அவற்றில் ஒன்பது காதால் மட்டும். லென்ஸ் வழியே பார்க்கிறபோது காது அடைத்துப்போகிறது என்பதை இத்தனை ஆண்டு கவனிக்கவில்லை.

மிகக் கடினமானது காக்கைக் கணக்கு. 60 என்று எழுதி, 45 என்று திருத்தி, மறுபடி 60 என்றே விட்டேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. காக்கையைத் தவிர என்ன இருக்கிறது என்றார் கேள்வி கேட்டவர். காக்கையையே முதலில் எடுத்துப் பழகுங்கள் என்று அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டும். கரிய இறகில் நீலப் பளபளப்பும் கண்ணில் ஒளிப்புள்ளியும் தெரிகிற மாதிரி ஒரு காக்கைப் படம் எடுக்க எனக்கு இரண்டு ஆண்டாயின. கேமரா கறுப்பைச் சாம்பலாக்கவே முயலும். ஒளியளவைக் கையால் குறைக்க வேண்டும்.

ஆறுமணிக்குருவி திரும்பியிருக்கிறது. 14ஆம் தேதி, மூன்று கூடைச் சருகுக்குப் பின்னாலிருந்து, 6.15க்கு.

இந்த நேரம் என்னை உட்காரவைத்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டச் செய்தது. அக்டோபர் 13இல் 5.41. 14ஆம் தேதி அதைவிட அரை மணிக்கு மேல் தாமதம். சென்னையில் சூரியன் அக்டோபர் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்னும், பொங்கலையொட்டி 6.35 அளவிலும் எழுகிறது. குருவி இரண்டு முறையும் சூரியன் எழுவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்னால்தான் கூவியிருக்கிறது. அதற்கு மணி தெரியாது, வெளிச்சம் தெரியும். ஆறு மணி என்று பெயர் வைத்தவர் சராசரி எடுத்திருக்கிறார்.

18 ஜனவரி 2025

அது அதே குருவிதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது. “திரும்பியிருக்கிறது” என்பதை “ஓர் ஆறுமணிக்குருவி இருக்கிறது” என்று திருத்தி வாசிக்கவும்.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

பட்டுப்போன முருங்கைக் கிளையில் செம்மார்புக் குக்குறுவான் துளை போடுகிறது. இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம், கிளையின் அடிப்பக்கத்தில், மழைநீர் இறங்காதபடி. தலையை உள்ளே விட்டு, ஒரு வாய் மரத்தூளோடு வெளியே வந்து, தலையை உதறித் தூவிவிட்டு மறுபடி உள்ளே. கீழே சருகின் மேல் வெளிறிய தூள் படிந்திருந்தது. கிளை உளுத்திருப்பதால்தான் அந்தச் சிறிய பறவையால் குடைய முடிகிறது. பச்சை மரத்தில் அதன் அலகு வேலை செய்யாது. ஏணி எட்டாதது நல்லதாயிற்று.

படம் எடுக்கவில்லை. துளை முடிந்து முட்டையிட்ட பிறகும் எடுக்கப் போவதில்லை. கூட்டின்முன் ஆள் நின்றால் இரை கொண்டுவரும் பறவை காத்திருக்கும். அது காத்திருப்பதைக் காக்கை பார்க்கும். பல புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை.

பூங்காவின் பெயரைச் சொல்லுங்கள் என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆந்தைப் பொந்தைப் பற்றிப் பெயர் சொல்லி எழுதினேன். அடுத்த ஞாயிறு பதினான்கு பேர், கேமரா தாங்கும் முக்காலி இரண்டு, ஒரு ஃபிளாஷ். ஒருவர் பொந்தின் அடிமரத்தைத் தட்டி ஆந்தையை வெளியே வரவழைத்தார். சொல்ல மாட்டேன்.

23 மார்ச் 2025, ஞாயிறு

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 600 மி.மீ. வாங்கவில்லை, பழைய 70-300 ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினாராம். அவருடைய பூங்காவில் 19 வகை ஆகியிருக்கிறது. தையல்சிட்டு ஒன்று செம்பருத்தி இலையைப் பஞ்சு நூலால் தைப்பதைப் பார்த்தாராம். கூடு என்பதால் படம் எடுக்கவில்லை என்கிறார். இருபதாவதாக வல்லூறு ஒன்று இருக்கலாம் என்று படம் அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். கால் இலைக்குள் மறைந்திருக்கிறது. கால் தெரிகிற படம் வேண்டும் என்று பதில் போட்டேன்.

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

ஒன்பது நாளாகச் சீழ்க்கை இல்லை. வடக்கே போயிருக்கும். நேற்று முருங்கையடிச் சருகைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் கறுத்து, ஈரமாக, புழுவோடு இருக்கிறது. குக்குறுவான் துளையில் ஒரு தலை மட்டும் தெரிகிறது, தாயா குஞ்சா என்று கீழிருந்து சொல்ல முடியவில்லை.

கேள்வி கேட்டவருக்குக் கால் தெரிய வேண்டும் என்று எழுதியபிறகு மனம் கேட்காமல், என் பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தேன். என் 43இல் வல்லூறைச் சேர்த்தது 2021 ஜனவரியில் எடுத்த ஒரே படத்தை வைத்து. பெரிதாக்கினேன். மஞ்சள் கண்வளையம். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல்.

நகரம் முழுக்க வல்லூறு இருக்கிறது, எங்கள் பூங்காவில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வல்லூறை அடித்துவிட்டேன். பட்டியல் மறுபடி 43.